வானத்திலிருந்து தெரியும் கோழிக்கொட்டகை

என் பெயர் உங்களுக்குத் தெரியும், நீங்கள் வைத்ததுதான். ஆனால் வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘பதட்டம்’ என்றுதான் கூப்பிடுவீர்கள், அதனால் பதட்டமே பேசுகிறேன். வயது இருபத்தாறு. இருக்கும் இடம் டயர்க் கடைக்கு மேலே, இரண்டாம் மாடி. கூட இருக்கும் இரண்டு பேரும் ராத்திரி வேலை முடித்துப் பகலில் தூங்குகிறவர்கள். ஆகவே குளியலறையில் வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

இதை நான் கையால் அடிக்கவில்லை. வாயால் சொல்கிறேன், போன் எழுதிக்கொள்கிறது. நாம் பேசுகிற மாதிரி பேசினால் அதற்கு விளங்கவில்லை. செய்தி வாசிக்கிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து பேசினால் ஒழுங்காக எழுதுகிறது. அதனால்தான் இந்த மரியாதையான தமிழ். மச்சான் கிண்டல் பண்ண வேண்டாம். ஆட்கள் வாயிலிருந்து வந்ததை மட்டும் வந்தபடியே கையால் அடித்துச் சேர்த்துவிடுகிறேன்.

வழக்கம்போல வாய்ஸ் மெசேஜ் அனுப்பாமல் ஏன் இந்தப் பாடு என்று கேட்பீர்கள். காரணம் சித்தப்பா. நம் குடியிருப்பில் ஜெனரேட்டர் இருப்பது அவருடைய கோழிக்கொட்டகையில் மட்டும்தான். எல்லோர் போனும் சார்ஜ் ஏறுவது அங்கே, அந்த நீளப் பலகையில், ஆணியில் தொங்கும் பைகளில். நான் அனுப்பும் எந்த வாய்ஸ் மெசேஜையும் முதலில் கேட்பவர் சித்தப்பா. அடுத்துக் கேட்பவை கோழிகள். அப்புறம்தான் அம்மா. எனக்குச் சளி பிடித்த செய்தி அம்மாவுக்குப் போவதற்குள் முட்டை வாங்க வந்தவர்கள் எல்லாரும் எனக்கு மருந்து சொல்லி முடித்திருந்தார்கள்.

ஆனால் எழுத்து என்றால் சித்தப்பா தொடமாட்டார். படிக்கக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி போட்டால் வயசானவர் மாதிரித் தெரியுமாம். ஆகவே அவர் மூக்குக்கு நேரே நீட்டினாலும் இது பத்திரமாக இருக்கும். தைரியமாகப் படியுங்கள். வாய்விட்டு மட்டும் படிக்காதீர்கள்.

என் வேலை என்னவென்று ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். ‘பையன் கம்ப்யூட்டர்ல கலர் அடிக்கிறான்’ என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். பொய்யில்லை. மின்சாரம் போகாத இடங்களுக்கு அதைக் குறைந்த செலவில் எப்படிக் கொண்டுபோவது என்று வரைபடத்தை வைத்துக் கணக்குப் போடும் அலுவலகம் இது. வானத்திலிருந்து எடுத்த படத்தில் கூரைகளை எண்ணுவோம். கடைசி மின்கம்பம் எங்கே நிற்கிறது, நடுவில் ஆறு உண்டா, மேடு உண்டா, மெஷின் ஓட்டுகிறவர்கள் உண்டா என்று பார்ப்போம். பிறகு ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கலர். கம்பி இழுத்தால் கட்டுபடியாகும் என்றால் சிவப்பு. ஊருக்குப் பொதுவாக ஒரு சோலார் நிலையம் போதுமென்றால் மஞ்சள். வீட்டுக்கு ஒரு தகடும் இரண்டு பல்பும் என்றால் நீலம். ஏற்கெனவே கரண்ட் இருக்கிறது, ஒன்றும் செய்ய வேண்டாம் என்றால் சாம்பல்.

போன மாதம் நம் பக்கத்து வரைபடம் என் மேஜைக்கு வந்தது. வந்ததும் நம் குடியிருப்பைத் தேடினேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கல்குவாரி வரைக்கும் கம்பம் வந்து நிற்கிறது. இந்தப் பக்கம் அக்கா பால் சேகரிக்கும் கூடம், சித்தப்பாவின் கொட்டகை, மேட்டுத் தோட்டத்து டீசல் பம்புசெட்டுகள். சிவப்பு கியாரண்டி என்று நினைத்துக்கொண்டே திரையைப் பெரிதாக்கினேன்.

சாம்பல்.

கையிலிருந்த டீயைச் சட்டையில் ஊற்றிக்கொண்டேன். பக்கத்து நாற்காலியில் இருக்கும் நண்பன் திரும்பினான். அவனை நாங்கள் ‘சதுரம்’ என்று கூப்பிடுவோம். நிலத்தை எல்லாம் சின்னச் சின்னச் சதுரமாகப் பிரிக்கிற வேலை அவனுடையது. பழகிப்போய் ரொட்டியைக்கூடச் சதுரமாக வெட்டித்தான் தின்பான்.

“என்னடா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?”

“எங்க ஊர்ல கரண்ட் இருக்காம்.”

“நல்ல விஷயம்தானே? ட்ரீட் வை.”

“டேய், இல்லாத கரண்ட் இருக்காம்டா. எங்கம்மா இன்னும் மண்ணெண்ணெய் விளக்கத் துடைச்சிட்டிருக்கா.”

அவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து ராத்திரிப் படத்தை மேலே போட்டான். அதுவும் வானத்திலிருந்து எடுத்ததுதான், இருட்டில் எங்கே வெளிச்சம் தெரிகிறது என்று பார்ப்பதற்கு. இருட்டாக இருந்தால் கரண்ட் இல்லை, வெளிச்சமாக இருந்தால் கரண்ட் இருக்கிறது என்று எங்கள் கணக்கு எடுத்துக்கொள்ளும். நம் பக்கம் முழுக்க ஒரே கறுப்பு. நடுவில் ஒரே ஒரு சதுரம் மட்டும் பளபளவென்று இருந்தது.

“இது என்னடா, தியேட்டரா?” என்றான்.

நான் உற்றுப் பார்த்தேன். ஆறு வளைகிற இடம், மேடு, மேட்டுக்குக் கீழே நீளக் கூரை. எனக்கு வியர்த்துவிட்டது.

“இது எங்க சித்தப்பா.”

“உங்க சித்தப்பா இவ்வளவு பளபளன்னு இருப்பாரா?”

உங்களுக்கு விளங்கியிருக்கும். மூடிப்போன விளையாட்டு மைதானத்திலிருந்து சித்தப்பா வாங்கி வந்து கம்பத்தில் ஏற்றினாரே நாலு ராட்சச விளக்கு, அதுதான். கேட்டால் நரிக்காக என்பார். நம் பக்கத்தில் நரியை யார் பார்த்தது? அதில் ஒன்றுக்குக் கழுத்து உடைந்து, மற்ற மூன்றும் கோழியைப் பார்க்கும்போது அது மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. சாயங்காலம் ஜெனரேட்டர் போட்டால் விடியும்வரை எரிகிறது. அந்த ஒற்றை விளக்கை வைத்து எங்கள் கணக்கு நம் குடியிருப்பு முழுவதற்கும் கரண்ட் கொடுத்து, பட்டியலிலிருந்தும் தூக்கிவிட்டது.

இந்த இடத்தில்தான் நான் புத்திகெட்டுப் போனேன். பதட்டத்தில் அக்காவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். அதையும் ஒன்றாக அனுப்பாமல் இரண்டாக அனுப்பினேன். முதல் மெசேஜில், “அக்கா, சித்தப்பா லைட்டு வானத்துல இருந்து தெரியுதுக்கா! சாட்டிலைட் படத்துல நம்ம பக்கத்துலயே அது ஒண்ணுதான் பளிச்சுனு இருக்கு!” என்றேன். மூச்சு வாங்கிக்கொண்டு இரண்டாவதில், “அதனால நமக்கு கரண்ட் வராமலே போயிடும்போல, முதல்ல அதை அணைக்கச் சொல்லு” என்றேன்.

அக்கா போன் எங்கே தொங்கியது என்று சொல்ல வேண்டியதில்லை. சித்தப்பா முதலாவதைக் கேட்டிருக்கிறார். இரண்டாவதைக் கேட்கிற பொறுமை அவருக்கு ஏது? கையில் தீவனச் சட்டியோடு அப்படியே தெருவுக்கு ஓடியிருக்கிறார்.

மறுநாள் நான் பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கும்போது அவரே கூப்பிட்டார். பின்னால் கோழிகள் கத்துகின்றன, ஆட்கள் வேறு சத்தம் போடுகிறார்கள்.

“டேய் பதட்டம்! என் லைட்டு மேல இருந்து தெரியுதாமேடா!”

“சித்தப்பா, அத விடுங்க, நான் சொல்றத முழுசா...”

“எவ்வளவு மேலடா? ஏரோப்ளேன் போற உயரமா?”

“அதுக்கும் மேல. ஆனா சித்தப்பா...”

“கேட்டுக்கங்கடா! ஏரோப்ளேனுக்கும் மேல!” இது என்னிடம் சொன்னதல்ல, சுற்றி நின்றவர்களிடம். அடுத்தது என்னிடம். “உங்கப்பன் அந்தக் காலத்துல என்ன சொன்னாரு? ‘தம்பி, இந்தத் தண்ட விளக்கு உனக்கு எதுக்கு’ன்னு கேட்டாரா இல்லையா? இப்ப எங்க வச்சுக்குவாரு மூஞ்சிய?”

“அந்த விளக்காலதான் சித்தப்பா நமக்கு...”

“மத்த மூணும் கீழ பாத்துட்டு சும்மா எரியுதுடா. அதையும் மேல திருப்பிவிடட்டுமா? உனக்கு நல்லா தெரியும்ல?”

திருப்ப வேண்டாம் என்று கத்தினேன். பஸ்ஸில் இருந்த எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சித்தப்பா போனை வைத்துவிட்டிருந்தார்.

திருப்பிவிட்டார். அதை நீங்கள் யாரும் எனக்குச் சொல்லவில்லை, சதுரம்தான் சொன்னான். புதுப் படம் வந்த அன்று நான் உள்ளே நுழையும்போதே எழுந்து நின்று கைகொடுத்தான்.

“வாழ்த்துகள்டா. உங்க ஊர்ல ஏர்போர்ட் கட்டியாச்சு.”

பளபளப்பு இப்போது பக்கத்துச் சதுரங்களுக்கும் வழிந்திருந்தது. கணக்கு இன்னும் ஒரு படி மேலே போய், நம் குடியிருப்பைச் ‘சிறு நகரம்’ என்று வகைப்படுத்தி வைத்திருந்தது. நாற்பது கூரை. அதில் பாதி மாட்டுத்தொழுவம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அன்று காலையில்தான் அக்கா பேசியிருந்தாள். பால் வண்டிக்காரர் கேன் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். வெயில் ஏற ஏற அவர் வருவதற்குள் பால் திரிந்துவிடுகிறது. பால் கம்பெனி குளிர்விக்கும் தொட்டி ஒன்றைத் தருகிறேன் என்கிறது. ஆனால் அதற்கு ஜெனரேட்டர் ஆகாது, கம்பி வழியே வருகிற கரண்ட்தான் வேண்டும். திட்டத்தில் ஊர் பெயர் இருந்தால் கரண்ட் வரும்வரை வண்டியை அனுப்புகிறார்களாம். பெயர் இல்லையென்றால் வண்டி இந்தப் பக்கமே திரும்பாது.

“வண்டி நின்னா, காலைல பால் ஊத்த வர்ற அத்தனை பேர் வீட்லயும் அடுப்பு எரிய யோசிக்கும்டா” என்றாள். பிறகு அவளே, “சரி விடு, திரிஞ்ச பால உங்க மச்சானுக்கே ஊத்தறேன், மனுஷன் வித்தியாசமே தெரியாமக் குடிக்கிறார்” என்றாள். அக்கா சிரித்துக்கொண்டு சொன்னால் விஷயம் பெரிது என்று அர்த்தம். எனக்கு அது தெரியும்.

அதனால் நேரே பெரிய மேடத்திடம் போனேன். பெரிய மேடம் என்றால் எங்கள் பிரிவின் தலைவர். ஆள் குள்ளம். அவர் மேஜையில் கம்ப்யூட்டர், தண்ணீர் பாட்டில், முதுகு வலிக்கு ஒரு தலையணை, அவ்வளவுதான். நான் வேர்த்து விறுவிறுத்து எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கு, கழுத்து, நரி, சித்தப்பா. அவர் முழுவதையும் கேட்டார்.

“நீங்க சொல்றத நான் நம்பறேன் தம்பி. ஆனா வாய் வார்த்தைக்கு ஒரு ஊர மாத்தினேன்னு வைங்க, நாளைக்கு ஒவ்வொருத்தரும் அவங்கவங்க சித்தப்பாவக் கூட்டிட்டு வந்து நிப்பாங்க.”

“எங்க சித்தப்பாவ யாரும் கூட்டிட்டு வர முடியாது மேடம். அவர்தான் ஊரையே கூட்டிட்டு வருவாரு.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையணையைச் சரிசெய்துகொண்டு விளக்கினார். இந்தப் பட்டியல் இன்னும் முடிவாகவில்லை. வருகிற மாதம் முழுக்க எடுக்கும் ராத்திரிப் படங்களை, மேகம் மறைத்ததை விட்டுவிட்டு, ஒன்றாகச் சேர்த்து ஒரே படமாக்குவோம். அதில் நம் இடம் இருட்டாக இருந்தால் பட்டியலுக்குள். வெளிச்சமாக இருந்தால் வெளியே. அதன்பின் அடுத்த திட்டம் வரும்வரை யாரும் தொடமாட்டார்கள். அந்த அடுத்த திட்டம் வருவதற்குள் எனக்குத் தலை நரைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

“இன்னொண்ணும் பாருங்க” என்று கணக்கை என் பக்கம் திருப்பினார். “விளக்கு மட்டும் எரிக்கிற நாப்பது கூரைன்னா ஆத்தத் தாண்டிக் கம்பி இழுக்கறது கட்டுபடியாகாது. நீலம்தான் வரும், வீட்டுக்கு ரெண்டு பல்பு. உங்க ஊர் சிவப்புக்குப் போகணும்னா பகல்ல மெஷின் ஓடணும். பால் தொட்டி ஒண்ணு. அதவிடப் பெருசு எது தெரியுமா?”

“எது மேடம்?”

“உங்க சித்தப்பா. குஞ்சுக்குச் சூடு, காத்தாடி, தண்ணி மோட்டார், தீவனம் அரைக்கிற மெஷின். அவர் கொட்டகை கூரை நீளத்தப் பாத்தாலே தெரியுது. டிரான்ஸ்பார்மர்கூட அவர் வாசல் பக்கத்துலதான் விழுது பாருங்க.”

பார்த்தேன். உண்மைதான். எங்கே பாரம் அதிகமோ அதன் பக்கத்தில்தான் கணக்கு டிரான்ஸ்பார்மரை நிறுத்தும். கம்பி குறையும், செலவும் குறையும். சின்ன முக்கோணம் ஒன்று சித்தப்பாவின் வேலியை ஒட்டி நின்றது. நம் குடியிருப்புக்கு வரவிடாமல் கெடுப்பதும் அவர்தான், வரவழைக்கப் போவதும் அவர்தான். வீட்டுக்கு ஒரு சித்தப்பா இருந்தால் எங்கள் ஆபீஸையே மூடிவிடலாம்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொதப்பியிருக்கிறோம், முழுக்கதை யாருக்கும் தெரியாது.

முதலில் நான். சித்தப்பாவைக் கூப்பிட்டு உண்மையை உள்ளபடி சொன்னேன். விளக்கை ஒரு மாதம் அணைத்தால் கரண்ட் வரும் என்றேன்.

“ஏன்டா, கரண்ட் வேணும்னா லைட்ட அணைக்கணுமா? பொண்ணு வேணும்னா பொண்ணு வீட்டுக்காரங்கள அடிக்கணும்ங்கற மாதிரி இருக்கே!”

“சித்தப்பா, மேல இருந்து பாக்கறவங்க நமக்கு ஏற்கெனவே கரண்ட் இருக்குன்னு நினைச்சுக்கறாங்க.”

“நினைக்கட்டும்! நமக்கு என்ன குறைச்சல்? இல்லாதவன்னு நினைக்கறதுக்கு இருக்கறவன்னு நினைச்சா கௌரவந்தானே?”

இதற்கு உங்களில் யாராவது பதில் சொல்ல முடிந்தால் எழுதி அனுப்புங்கள்.

அடுத்து அம்மா. நேரே போய்ப் பேசாமல், அவர் கொட்டகை வாசலில் நின்று காற்றிடம் பேசியிருக்கிறாள். “சில பேருக்கு வெளிச்சத்துல நின்னாத்தான் முகம் தெரியும்போல.” சித்தப்பா உள்ளேயிருந்து, “ஆமா அண்ணி, நல்ல முகமா இருந்தா காட்டலாம்ல!” என்றிருக்கிறார். அதோடு இரண்டு நாள் முட்டை வருவது நின்றது.

மச்சான் நரிக்கதையை உடைக்கப் பார்த்தார். “மாமா, நரியே இல்லாத இடத்துல நரிக்கு எதுக்கு லைட்டு?” என்று கேட்டார். “பாத்தியா? லைட்டு போட்டதுல இருந்து ஒண்ணுகூட வரல” என்று பதில் வந்ததாம். மச்சான் அதை ஒப்புக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். நல்ல மனுஷன், என்ன செய்ய.

அப்பாதான் பெரிய வீரம் செய்தார். பட்டப்பகலில் தம்பி சந்தைக்குப் போன நேரம் பார்த்து, ஏணி போட்டு ஏறி, உடைந்த விளக்கின் கழுத்தைக் கீழே வளைத்துக் கம்பியால் கட்டிவிட்டு வந்தார். மற்ற மூன்றுக்குக் கம்பி போதவில்லை. சித்தப்பா சாயங்காலம் பார்த்தார். மறுநாள் டவுனிலிருந்து ஐந்தாவதாக ஒரு விளக்கு வாங்கி வந்தார். அதை நம் வீட்டு வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்தார். இப்போது அப்பா திண்டாடித் திண்டாடி முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாராம்.

சித்தி ஒருத்திதான் அழுதுகொண்டு உண்மையைச் சொன்னாள். “தம்பி, இந்த மனுஷனக் கட்டிக்கிட்டு நான் ராத்திரியப் பாத்தே ரொம்ப நாளாச்சு. கோழிக்கே கண்ணு சிவந்து போச்சு. ஏதாவது பண்ணுடா.”

சித்தி சொன்ன பிறகு நான் இந்த வாளிமேல் உட்கார்ந்து ரொம்ப யோசித்தேன். சித்தப்பா யார் பேச்சை எப்போதாவது கேட்டிருக்கிறாரா? கேட்டிருக்கிறார். கால்நடை டாக்டர் நேரே வந்து, குஞ்சுகளுக்கு ஊசி போடுங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டார். “கம்பெனிக்காரன் கமிஷன் கொடுத்திருப்பான்” என்று அனுப்பிவிட்டார். அதே டாக்டர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று யாரிடமோ போனில், “ஊசி போட்டவன் பொழச்சுக்குவான், இந்த ஆளுக்கு ஏன் நான் சொல்லணும்” என்று முணுமுணுத்ததைக் கேட்டாரே, அன்று மத்தியானமே வண்டி பிடித்துப் போய் மருந்தை வாங்கி வந்தார். அந்தத் தகர ஷீட்டு விஷயமும் அப்படித்தான். நேரே சொன்ன கடைக்காரரை விட்டுவிட்டு, அப்பா அம்மாவிடம் ரகசியமாகச் சொன்ன கடையில் போய் வாங்கினார்.

சித்தப்பாவிடம் சொன்னால் அது உபதேசம். அவருக்குத் தெரியாமல் மறைத்தால் அது உண்மை. தன் காதால் திருடி வந்த செய்தியை மட்டும்தான் அவர் நம்புவார். இத்தனை வருஷம் அவர் நம் மெசேஜ்களை ஒட்டுக்கேட்கிறார் என்று திட்டினோமே, அந்தப் பலகையைவிட நல்ல தபால்பெட்டி நமக்கு எங்கே கிடைக்கும்?

அதனால் நாளைக் காலையில் அக்காவின் போனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வரும். இந்தத் தடவை ஒன்றே ஒன்றுதான், இரண்டாக உடைக்கமாட்டேன். சதுரத்திடம் பேசிக் காட்டி ஒத்திகை பார்த்துவிட்டேன். முதல் தடவை நான் நாடகத்தில் அரசர் மாதிரிப் பேசுகிறேன் என்றான். இப்போது தேறிவிட்டேன். அதில் இருக்கப்போவது இதுதான்:

“அக்கா, இது உனக்கு மட்டும். சித்தப்பா காதுல விழுந்துடக் கூடாது. கரண்ட் வந்தா டிரான்ஸ்பார்மர் எங்க நிக்கும்னு மேப்புல பாத்துட்டேன். அவர் வேலிய ஒட்டித்தான் நிக்குது. ஊர்லயே பெரிய ஆளு அவர்னு கணக்கே சொல்லுது. ஆனா அவர் லைட்டு மேல தெரியறவரைக்கும் நம்ம ஊரே லிஸ்டுல இல்ல. வர்ற மாசம் முழுக்க இருட்டா இருக்கணும். இது தெரிஞ்சா அவர் உடனே அணைச்சிட்டு டிரான்ஸ்பார்மர வாசல்ல நிறுத்திடுவாரு, அப்புறம் அப்பாவால தலைநிமிர்ந்து அந்தப் பக்கம் போகவே முடியாது. அதனால மூச்சு விடாத.”

கவனித்தீர்களா? இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அப்பா தலைநிமிர்ந்து போவதைப் பற்றிச் சொன்னது உட்பட. அப்பா, மன்னித்துக்கொள்ளுங்கள். ஊருக்காக உங்கள் கௌரவத்தைக் கொஞ்சம் அடகு வைத்திருக்கிறேன். கரண்ட் வந்ததும் மீட்டுவிடலாம். டிரான்ஸ்பார்மர் என்பது ராத்திரியும் பகலும் உறுமிக்கொண்டே இருக்கிற ஒரு இரும்புப் பெட்டி என்பதைச் சித்தப்பா பிற்பாடு தெரிந்துகொள்ளட்டும். சித்திக்கும் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள், பாவம், ஒரு மாதமாவது நிம்மதியாகத் தூங்கட்டும்.

நான் பயப்படுவது சித்தப்பாவைப் பற்றி இல்லை. உங்களைப் பற்றித்தான். மச்சானுக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது. அம்மாவுக்கு வாயை அடக்கத் தெரியாது. அக்கா சார்ஜ் போட்ட போனை உடனே எடுக்க ஓடுவாள். அப்பா ஏணியோடு வந்து நிற்பார். வெளியே குளியலறைக் கதவைத் தட்டுகிறார்கள், கூட இருப்பவர்களில் ஒருவர் எழுந்துவிட்டார். “உள்ள நியூஸ் வாசிக்கிறியா?” என்று கேட்கிறார். முடிக்கிறேன்.

இதை முதலில் படிக்கிறவர் யாராக இருந்தாலும் அவரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். படித்ததும் இதை அழித்துவிடுங்கள். நாளைக் காலையில் அக்காவின் போனை எடுத்துக்கொண்டு போய், சத்தத்தைக் கூட்டிவைத்து, அந்தப் பலகையில் சித்தப்பா கைக்கு எட்டுகிற ஆணியில் மாட்டுங்கள். மாட்டிவிட்டு, சிரிக்காமல், திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.